கால் துடுப்பின் அமைப்பும் உதையின் பயனும்

பெரியாற்றின் குறுக்கே 1895 இல் அணை கட்டி முடிந்தபொழுது நீரில் மூழ்கிய காட்டு மரங்களின் அடிக்கட்டைகள் தேக்கடி ஏரியில் இன்றும் நிற்கின்றன. 2009 செப்டம்பர் 30 ஆம் நாள் இவ்வேரியில் ‘ஜலகன்யகா’ என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். தேடும் பணிக்குக் கடற்படையின் முக்குளிப்போர் வரவழைக்கப்பட்டனர். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப்புற நீர்த்தேக்கங்களில் இத்தகைய பணி நேரும்பொழுது, முக்குளிப்பவர் முதுகில் சுமந்து செல்லும் காற்று எவ்வளவு நேரத்திற்குப் போதும் என்பது, அவர் காலில் அணிந்துள்ள ரப்பர்த் துடுப்பையும் பொறுத்ததாகும்.

நீந்துபவர் நீரைப் பின்னே தள்ளுகிறார். அதன் எதிர்விசை அவரை முன்னே செலுத்துகிறது. வினாடிக்கு 10 கிலோகிராம் நீரை 4 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 40 கிலோகிராம் நீரை 1 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் விசை ஒன்றே, அதாவது 40 நியூட்டன். ஆயின் நீருக்குள் வீணாகும் சக்தியோ முன்னதில் வினாடிக்கு 80 ஜூல். பின்னதில் 20 ஜூல் மட்டுமே. மிகுந்த நீரை மெல்லத் தள்ளுவதே சிக்கனம். சிறிய பாதத்தால் இயலாத இதனை அகன்ற துடுப்பு இயலச் செய்கிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933 இல் காப்புரிமை பெற்ற துடுப்பின் தத்துவமும் இதுவே. நீர்ப்பரப்பில் நீந்துவோரைக் கொண்டு சாம்பாரோ முதலியோர் செய்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேகத்தில் செல்வதற்குத் துடுப்பணிந்தவர்க்குச் சுமார் 40 சதவீதம் குறைவான சக்தியே தேவைப்பட்டது. உதைகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது.

அங்ஙனமாயின் துடுப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்று எனலாமோ? கூடாது. தொடைத்தசைக்கு ஓர் எல்லை உண்டு. மிக அகன்ற, விறைப்பான தகட்டை அசைக்கும் கால் விரைவில் களைக்கும்; மூச்சு வாங்கும்; உருளையிலுள்ள காற்றும் விரைந்து தீரும். வளையாத தகடு நீரைப் பெரும்பாலும் மேலும் கீழுமே அடிக்கிறது. அளவாக வளைவது சாய்ந்து நின்று நீரைப் பின்புறமாகத் திருப்பிவிடுகிறது. மிகவும் துவண்டாலோ நீர் நழுவிவிடும். ஒரு தொட்டி நீரில் மரப்பலகை, கமுகம் பாளை, துணி ஆகிய மூன்றையும் இருபுறமும் அசைத்துக் காட்டினால் மாணவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கடைகளில் பிளவும் துளையும் வைத்த துடுப்புகள் பல உள்ளன. அவற்றைக் காட்டிலும் தகட்டின் பரப்பும் வளைவுமே முதலிற் கவனிக்கத்தக்கவை.

இயற்கையிலும் இப்பொருத்தத்தைக் காணலாம். பெரியாறு ஏரியில் மீன் துரத்தி வாழும் நீர்நாய்க்கு விரல்கள் முழுமையும் சவ்வால் இணைந்துள்ளன. மலையோடைகளில் கல்லுக்கடியில் நண்டு தேடும் சிறுநக நீர்நாய்க்குச் சவ்வு குறைவு. துழாவும் விரல் அதற்கு வேண்டும்.

நீர்த்தேக்கத்தின் அடியில் வண்டல் படிந்திருக்கும். கால்களை மாறி மாறி மேலும் கீழும் அடித்தால் அது கலங்கி, பார்வை முற்றும் மறையும். ஆதலின் இங்கு முழங்காலை மடக்கி, துடுப்பைப் பக்கவாட்டில் விரித்துப் பின்னே தள்ளும் தவளை உதை ஏற்றது. அதற்குக் குட்டையான, சற்று விறைப்பான துடுப்பு இசைவாகும். திறந்த கடலில் மூச்சடக்கி ஆழம் செல்வோர் விரும்பும் நீண்ட துடுப்பு, மரக்கட்டைகளுக்கிடையே திரும்ப இடங்கொடாது. துடுப்பின் கட்டுவாரில் தொங்கும் நுனி கிளையிற் சிக்கக்கூடும். நீரில் இறங்குமுன் அதனை உட்புறமாகச் செருகிவிடுதல் வேண்டும்.