கிணறு வெட்டப் பூதம்!

நெஞ்சு வலி என்று டாக்டரிடம் போகிறோம். இருதயத்தை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். பார்த்தால் இருதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசியில், "வலது நுரையீரலில் 5 மில்லி மீட்டர் அளவில் சிறு கணு தெரிகிறது" என்று ஒரு வரி! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

இந்தப் பூதத்தைக் கண்டு நடுங்க வேண்டுமா? அல்லது கண்டும் காணாமல் இருந்துவிடலாமா? இரண்டுமே தவறு.

நெஞ்சுக்குள் பல குடித்தனம்

சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர். கிராமபோன் தட்டுகளுக்குப் பெயர் போன இ.எம்.ஐ. கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். 1971-ல் லண்டனில் முதன் முதலாக ஒரு நோயாளியின் மூளையை இக்கருவி படம் பிடித்தது. 1979-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று துடிக்கும் இருதயத்தின் ரத்தக் குழாய்களையே அது சில விநாடிகளில் படம் பிடித்து விடுகிறது.

இருதயம் தனி வீட்டில் குடியிருக்கவில்லை. இரு புறமும் நுரையீரல், பின்னால் உணவுக் குழாயும் முதுகெலும்பும், கீழே கல்லீரல். எனவே இருதயத்தைப் படம் எடுக்கும்போது அண்டை வீட்டாரும் படத்தில் விழுந்து விடுகிறார்கள். நுரையீரல் கணு, கல்லீரலில் நீர்க்கட்டி, உதரவிதானத்தைத் தாண்டி மேலே ஏறிய இரைப்பை, நொறுங்கிய முதுகெலும்பு என்று எத்தனையோ தெரிய வருகின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. எங்கோ ஒன்றிரண்டு, உயிரைக் காக்கும் எச்சரிக்கையாக அமைவதும் உண்டு.

பழைய தழும்பா, புதிய வினையா?

நம் நாட்டில் நுரையீரல் கணு என்றதும் புற்று நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்றோ வந்து ஆறிய காசநோயின் தழும்பாகவும் அது இருக்கலாம். ஆறாத காசநோயாக இருந்தால் அதற்கும் மருந்து உண்டு.

அமெரிக்காவில் கடுமையாகப் புகை பிடித்து வந்த 53,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2011-ல் வெளியாயிற்று. சி.டி. ஸ்கேன் எடுத்துக் கவனித்தவர்களிடையே நுரையீரல் புற்று நோய்ச் சாவு 20 சதவிகிதம் குறைந்தது. அதே சமயம், சந்தேகத்துக்கு இடமானவை என்று குறிக்கப்பட்டவற்றில் 100-க்கு 96 புற்று நோயே அல்ல! அலட்சியமும் ஆகாது, அச்சமும் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அளவுதான் முக்கியம்

ஃபிளெய்ஷ்னர் சங்கம் என்ற சர்வதேச நிபுணர் குழு 2017-ல் வகுத்த நெறிகளை டாக்டர்கள் பலர் பின்பற்றுகிறார்கள். அதன்படி, 6 மில்லி மீட்டருக்குக் குறைந்த கெட்டியான கணு, புகைப் பழக்கம் போன்ற ஆபத்து இல்லாதவர்களுக்கு இருந்தால், மறு ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை. 6 முதல் 8 மில்லி மீட்டர் என்றால் சில மாதங்கள் கழித்து மார்பு முழுவதையும் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரியது என்றால் தாமதிக்காமல் ஆராய்வார்கள்.

உத்தனப்பள்ளிக்காரருக்கு ஒரு வார்த்தை

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளியை எடுத்துக் கொள்வோம். இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கப்படுகின்றன. அப்படிக் கண்டவர்களில் சிலர் இருதயப் பரிசோதனைக்கும் போக நேரும்.

எல்லைப்புறத்து மக்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஸ்கேன் பெங்களூரில், வைத்தியம் ஓசூரில், மாத்திரை வாங்குவது உள்ளூரில் என்று அலைச்சல். அறிக்கையோ ஆங்கிலத்தில். "இருதயம் நன்றாக இருக்கிறது" என்ற சொல் காதில் விழுந்ததும், அறிக்கை பரணுக்குப் போய்விடுகிறது. கடைசி வரியும் அதோடு போய்விடுகிறது!

ஆகவே, "இருதயத்தைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா?" என்று டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் பல இருக்கின்றன. கல் உடைத்த தூசியில் வேலை செய்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அந்தத் தூசியும் நுரையீரலில் கணுக்களை உண்டாக்கும். முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லவும் வெட்கம் வேண்டாம்.

பழைய ஸ்கேன் படங்களைக் குப்பையில் போடாதீர்கள். கெட்டியான ஒரு கணு 2 ஆண்டுகளாக வளராமல் அப்படியே இருந்தால், அது பெரும்பாலும் தீங்கற்றது என்று டாக்டரால் தைரியம் சொல்ல முடியும். புதிய செலவை ஒரு பழைய படம் மிச்சப்படுத்தும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இருதய ஸ்கேனில் நுரையீரலின் உச்சிப் பகுதி வழக்கமாக விழுவதில்லை. காசநோயும் கல் தூசி நோயும் பெரும்பாலும் தங்குவது அந்த உச்சியில்தான். எனவே அறிக்கையில் நுரையீரலைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதற்காக, விடாத இருமலையும் மெலிவையும் அலட்சியம் செய்யலாகாது.

பூதம் புறப்பட்டால் ஓடவும் வேண்டாம், கிணற்றை மூடவும் வேண்டாம். அதன் அளவு என்ன, வயது என்ன என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்து கொண்டால் போதும்.