பதினொன்றும் பதினேழும்

2025 ஜனவரி 22. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டாட்ஜர் மைதானத்தில் 23 வயது ஜப்பானிய இளைஞர் ஒருவர் மேடை ஏறி, சட்டைக்கு மேல் ஒரு வெள்ளை ஜெர்ஸியை மாட்டிக்கொள்கிறார். பெயர் ரோகி சசாகி. ஜப்பானில் 20 வயதிலேயே ஒரு பேஸ்பால் ஆட்டம் முழுக்க எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொட விடாமல் பந்தெறிந்தவர். 2022 ஏப்ரல் 10 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார்; அதில் 13 பேர் அடுத்தடுத்து. அமெரிக்காவின் மேஜர் லீகில் அவர் அதுவரை ஒரு பந்துகூட எறிந்ததில்லை. ஆனாலும் ரசிகர்கள் அந்த ஜெர்ஸியின் முன்புறம் சிவப்பில் இருக்கும் எண்ணைத்தான் முதலில் தேடினார்கள். எண் 11.

இப்படி ஒரு புதுமுகம் வரும்போது அவர் எந்த எண்ணை அணிவார் என்று ஊகிப்பது அமெரிக்காவில் பழைய பொழுதுபோக்கு. பார்த்தால் குருட்டு யோகம் போலத் தெரியும். உள்ளே புகுந்து பார்த்தால் நிகழ்தகவு, வரலாறு, மனித மனம் மூன்றும் ஒரே முடிச்சில் கட்டுண்டு கிடப்பது தெரிகிறது. அந்த முடிச்சை சசாகியின் ஜெர்ஸியை வைத்தே அவிழ்க்கலாம்.

பேஸ்பாலில் 0 முதல் 99 வரை எந்த எண்ணும் அணியலாம். 0 வேறு, 00 வேறு. ஆக மொத்தம் 101 எண்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் கிடைக்கும் கேள்விகளைக் கேட்டு இவற்றில் ஒன்றைக் கண்டுபிடிக்க எத்தனை கேள்வி வேண்டும்? “ஐம்பதுக்கு மேலா?” என்று தொடங்கி ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம். ஆறு கேள்விகள் 64 பொருள்களைப் பிரித்தறியப் போதும். ஏழு கேள்விகள் 128-ஐப் பிரிக்கும். 101 இடையில் விழுகிறது. தகவலை இப்படி அளக்கலாம் என்று 1948-இல் காட்டியவர் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். அவர் கணக்குப்படி இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புதிர் 6.66 பிட். ஒரு பிட் என்பது, இரு பக்கமும் சம வாய்ப்புள்ள ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை. நம் கைப்பேசியில் ஓடும் அத்தனை படமும் பாட்டும் இந்த அளவுகோலில்தான் அளக்கப்படுகின்றன.

இனி ஒவ்வொரு செய்தியாக வைத்துப் பார்ப்போம். எது எவ்வளவு புதிரைக் கரைக்கிறது?

முதலில் ஓய்வு கொடுக்கப்பட்ட எண்கள். பெரும் வீரர் ஒருவரின் நினைவாக அவர் அணிந்த எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி முடிவெடுக்கும். 1939-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் உயிர்க்கொல்லி நரம்பு நோயோடு விடைபெற்றபோது அவருடைய 4-க்குத்தான் இந்த மரியாதை முதலில் கிடைத்தது. டாட்ஜர்ஸ் அணி இப்படி 12 எண்களைப் பூட்டி வைத்திருக்கிறது. அவற்றில் 42 தனி ரகம். 1947 ஏப்ரல் 15 அன்று, நிறவெறிச் சுவரை உடைத்துக்கொண்டு ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது அணிந்த எண் அது. ஐம்பது ஆண்டு கழித்து, 1997-இல், அதை ஒரு அணி மட்டுமல்ல, மேஜர் லீகின் எல்லா அணிகளும் சேர்ந்து ஓய்வில் வைத்தன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரர்களும் 42 அணிந்து ஆடுகிறார்கள். அன்றைக்கு எண்ணை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. அந்த ஒரு நாள் ஏற்பாட்டைப் போல அழகான நினைவுச்சின்னம் விளையாட்டுலகில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இத்தனை கனமான 12 எண்களைக் கழித்தால் 89 மிஞ்சும். ஆனால் புதிர் எவ்வளவு குறைந்தது? 6.66 பிட் 6.48 ஆயிற்று. ஒரு கேள்வியின் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வரலாற்றின் எடையும் தகவலின் எடையும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அடுத்து, அணியில் ஏற்கெனவே இருப்பவர்கள். ஒப்பந்தப் பட்டியலில் 40 வீரர்கள். பேஸ்பாலில் மேலாளரும் பயிற்சியாளர்களும்கூட வீரர்களைப் போலவே சீருடை போட்டு எண் அணிவது வழக்கம். எல்லாம் சேர்த்து ஐம்பது எண்கள் போனால், ஏறத்தாழ 39 மிஞ்சும். இப்போது புதிர் ஐந்தே சொச்சம் பிட். இன்னும் ஐந்தாறு கேள்வி கேட்க வேண்டும்.

மிச்சத்தை வெட்டித் தள்ளுவது கழித்தல் அல்ல, வழக்கம். சசாகி ஒரு பிட்சர், அதாவது பந்தெறிபவர். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறாண்டு வரலாறு நிற்கிறது.

1916-இல் கிளீவ்லாந்து அணி சட்டைக் கையில் எண் தைத்துப் பார்த்தது, நிலைக்கவில்லை. 1929-இல் கிளீவ்லாந்தும் யாங்கீஸும் முதுகில் எண்ணோடு வந்தன; அதன் பிறகு அது நிலைத்துவிட்டது. யாங்கீஸ் எண் கொடுத்த முறை மிக எளிமையானது. மட்டையோடு எத்தனாவதாக வருகிறாரோ அதுவே எண். மூன்றாவதாக வந்த பேப் ரூத்துக்கு 3. நான்காவதாக வந்த கெரிக்குக்கு 4. முதல் பத்து எண்கள் மட்டை வரிசைக்கும் பந்தைப் பிடிக்கும் கேட்சர்களுக்கும் போய்விட, பிட்சர்களுக்கு 11-இலிருந்து கொடுத்தார்கள். மட்டை வரிசை நாளுக்கு நாள் மாறும், எண் மாறாது. ஆகவே அந்தத் தர்க்கம் சீக்கிரமே செத்துப்போயிற்று. பழக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது: ஒற்றை இலக்க எண்ணோடு பந்தெறிபவரை இன்றும் அரிதாகவே பார்க்க முடியும்.

ஜப்பானில் இந்தப் பழக்கம் இன்னும் இறுகியது. அங்கே பிட்சர்களின் சொத்து என்றால் 11, 17, 18 போன்ற எண்கள்தாம். அதிலும் 18, அணியின் தலைசிறந்த பிட்சருக்கு உரியது. எண்ணை அங்கே பரம்பரைச் சொத்துபோல் கைமாற்றுகிறார்கள். ஹொக்கைடோ தீவின் நிப்பான் ஹாம் அணியில் யூ டார்விஷ் அணிந்த 11, அவர் அமெரிக்கா போன பிறகு ஷோஹெய் ஓதானி என்ற பள்ளி முடித்த பையனுக்குக் கொடுக்கப்பட்டது. இன்னாரைப் போல வா என்று சொல்லாமல் சொல்லும் வழி. இச்சிரோ சுசுகி 2001-இல் சியாட்டில் அணிக்கு வந்தபோது, ஜப்பானில் அணிந்த 51-ஐயே வாங்கிக்கொண்டார். அது அதற்கு முன் அங்கே ராண்டி ஜான்சன் என்ற மாபெரும் பிட்சரின் எண். அந்த எண்ணுக்கு இழுக்கு வராமல் நடந்துகொள்வேன் என்று இச்சிரோ அவருக்கு எழுதி அனுப்பினார். பிறகு இருவரும் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள்.

சசாகி சிபா லொட்டே அணியில் அணிந்தது 17. ஜப்பான் தேசிய அணிக்காக 2023 உலகப் போட்டியில் அணிந்தது 14. கடந்த காலத்தை மட்டும் பார்த்து ஊகிக்கிறவர் இந்த இரண்டில்தான் பந்தயம் கட்டுவார். டாட்ஜர்ஸ் பட்டியலைத் திறந்தால் இரண்டு கதவும் மூடியிருக்கின்றன. 14, கில் ஹாட்ஜஸின் நினைவாக 2022-இல் ஓய்வு பெற்றுவிட்டது. 17-ஐ அணிந்திருப்பவரோ ஓதானி! 18 யோஷினோபு யாமமோட்டோவிடம். 16, கேட்சர் வில் ஸ்மித்திடம். பிட்சருக்குரிய சிறிய எண்கள் என்ற தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு. மிஞ்சிய சிலவற்றில் 11 ஒன்று. அந்த வீட்டிலும் ஆள் இருந்தார்: வெனிசுலா நாட்டு மூத்த வீரர் மிகேல் ரோஹாஸ். அவர் 11-ஐ விட்டுக்கொடுத்து 72-க்கு மாறிக்கொண்டார்.

இந்த இடத்தில் எந்தச் சூத்திரமும் நின்றுவிடுகிறது. ஆளிருக்கும் எண்ணை விலக்கிவிடு என்பது கணக்கின் விதி. ஆனால் எண்ணைத் தன் விருப்பத்தால் கைமாற்றிக் கொடுக்க மனிதனால் முடியும். ஓராண்டுக்கு முன் ஓதானிக்கு 17 கிடைத்ததும் இப்படித்தான். ஜோ கெல்லி என்ற பிட்சர் விட்டுக்கொடுத்தார். ஓதானி அவர் மனைவிக்கு ஒரு போர்ஷே காரைப் பரிசளித்தார். கெல்லி 99-க்குப் போனார். நல்ல ஊகக்காரர் காலி எண்களோடு நிற்கமாட்டார். யார் யாருக்காக வழிவிடுவார் என்பதையும் எடைபோடுவார். மூத்தவர் புதியவருக்கு வழிவிடுவது அபூர்வம். புதியவர் சசாகி என்றால் அபூர்வம் இல்லை.

இப்போது பாருங்கள். ஓதானி ஜப்பானில் 11, அமெரிக்காவில் 17. சசாகி ஜப்பானில் 17, அமெரிக்காவில் 11. இருவருமே இவாத்தே மாகாணத்துப் பிள்ளைகள். யாரோ உட்கார்ந்து நெய்தது போன்ற இந்தக் குறுக்குப் பின்னலைப் பார்த்ததும் மனம் சிலிர்க்கிறது.

அந்தச் சிலிர்ப்பை இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ஹாங்க் ஆரோன் 1955 முதல் 44 அணிந்தார். 1957, 1963, 1966, 1969 ஆகிய நான்கு பருவங்களிலும் அவர் அடித்த ஹோம் ரன்கள், அதாவது பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிய அடிகள், சரியாக 44. 1963-இல் அதே 44 ஹோம் ரன்னோடு அவருக்குச் சமமாக நின்ற வில்லி மெக்கோவியின் எண்ணும் 44. 1974 ஏப்ரல் 8 அன்று பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டி ஆரோன் 715-ஆவது ஹோம் ரன் அடித்தபோது பந்தெறிந்த அல் டவுனிங்கின் முதுகிலும் 44! மாயம்தான். ஆனால் ஆரோன் 15 பருவங்களில் முப்பதும் அதற்கு மேலும் அடித்தவர். அவருடைய உச்சமே ஒரு பருவத்துக்கு 47. முப்பதுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையில் பதினைந்து முறை கல்லெறிந்தால் சில கற்கள் ஒரே இடத்தில் விழத்தான் செய்யும். அந்த இடத்தில் அவருடைய எண் எழுதியிருந்ததால் நாம் எண்ணிப் பார்த்தோம். 40 எழுதியிருந்தால் 40-ஐ எண்ணியிருப்போம். இது தெரிந்த பிறகும் எனக்கு 44 மீதான பிரமிப்பு குறையவில்லை. எங்கே பிரமிக்க வேண்டும் என்பதுதான் மாறிற்று. பதினைந்து பருவம் அந்த உயரத்திலேயே ஆடினாரே, அதுதான் அதிசயம்.

எண்ணில் நம்மை நாமே தேடுகிற பழக்கத்தையும் உளவியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஷினோபு கிதயாமா, மயுமி கரசாவா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய மாணவர்கள் தங்கள் பிறந்த தேதி, மாதத்தின் எண்களை மற்றவர்களைவிட அதிகம் விரும்பினார்கள். ஜூலை 7-இல் பிறந்த தோனியின் 7-ஐ நாம் அறிவோம். மே 17-இல் பிறந்த கார்லோஸ் மே என்ற வீரர் 17 அணிய, அவர் முதுகில் பெயரும் எண்ணும் சேர்ந்து பிறந்தநாளாகவே நின்றது. எண் பார்ப்பவர் கண்ணையும் மாற்றும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லதான் ஷம்ஸ் குழுவினர் 2023-இல் காட்டியது இது: ஒரே உடலமைப்புள்ள அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் படங்களில், 80-களில் எண் அணிந்தவரைவிட 10 முதல் 19 வரை அணிந்தவர் ஒல்லியாகத் தெரிந்தார். பெரிய எண்ணைப் பெரிய பொருளோடு சேர்த்தே பார்த்துப் பழகிய மூளை, உடம்பையும் கொஞ்சம் ஊதிக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் கனமான எண்ணை இளம் தோளில் ஏற்றினால்? 1951-இல் 19 வயது மிக்கி மேண்டிலுக்கு யாங்கீஸ் 6-ஐக் கொடுத்தது. ரூத் 3, கெரிக் 4, டிமாஜியோ 5, அடுத்தது நீ என்பது பொருள். பையன் திணறினான். நடுப் பருவத்தில் கீழ்நிலை லீகுக்கு அனுப்பப்பட்டான். திரும்பி வந்தபோது கையில் கிடைத்தது 7. அந்த 7-ஐத்தான் இன்று யாரும் தொட முடியாது. அதே அணியில் ஆரன் ஜட்ஜ் வந்தபோது நிலைமை வேறு. 44-ஓ 35-ஓ கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பது அவர் ஆசை. முன்னது ஓய்வில், பின்னது இன்னொருவரிடம். பயிற்சி முகாமில், அணியில் இடம் உறுதியாகாத இளைஞர்களுக்குப் பெரிய எண்களைத்தான் நீட்டுவார்கள். அப்படி வந்த 99 அவரோடேயே தங்கிவிட்டது. 2022-இல் அவர் 62 ஹோம் ரன் அடித்த பிறகு அந்த மீந்துபோன எண்ணை இன்று குழந்தைகள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

சசாகிக்கு வருவோம். அவர் பிறந்தது நவம்பர் 3, பதினோராம் மாதம். 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமியில், ஒன்பது வயதில், தந்தையையும் தாத்தா பாட்டியையும் இழந்தவர். 11 என்றதும் இவையெல்லாம் கையோடு கை கோத்து வரும். 72 கிடைத்திருந்தால் அதற்கும் ஏதேனும் ஒன்றை மனம் தோண்டி எடுத்திருக்கும். விடை தெரிந்த பிறகு கிடைக்கும் காரணங்கள் ஊகத்துக்கு உதவாதவை. ஒருவருடைய துயரத்தை அவர் முதுகில் நாமாக எழுதிவிடவும் கூடாது. அந்த எண் அவருக்கு வந்ததற்கு 14-இல் ஹாட்ஜஸ் இருந்தார், 17-இல் ஓதானி இருந்தார், 11-இல் இருந்த ரோஹாஸ் எழுந்து இடம் கொடுத்தார் என்ற காரணங்களே போதும்.

2025 மார்ச் 19, டோக்கியோ டோம். சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக டாட்ஜர்ஸ் ஆடியது. ஓதானி 17-ஓடு மட்டையெடுத்து ஒரு ஹோம் ரன் அடித்தார். 11-ஓடு பந்தெறிய வந்த சசாகி மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஐந்து பேருக்கு இலவசமாக முதல் தளத்தைக் கொடுத்தார். ஒரே ஒரு ரன் போயிற்று. புது எண்ணுக்குக் கீழே முதல் கணக்கு எழுதப்பட்டது.