காருக்குப் புதிய பாட்டரி வாங்குமுன்…

ஞாயிறு காலை. கோவிலில் முதல் மணி அடித்துவிட்டது. குடும்பத்தார் அனைவரும் திருப்பலிக்குப் புறப்பட்டுக் காரில் ஏறிவிட்டனர். பாட்டியையும் மெல்லத் தாங்கி முன்னிருக்கையில் அமர்த்தியாயிற்று. தந்தை சாவியைத் திருப்புகிறார். ‘டக்’கென்று ஓர் ஓசை, பின்பு அமைதி. செல்ஃப் எடுக்கவில்லை. அண்டை வீட்டு இளைஞர்கள் ஓடிவந்து தள்ளுகின்றனர். வண்டி ஒருவாறு கிளம்பிக் கோவிலை அடையும்போது நற்செய்தி வாசகம் முடிந்துவிட்டது.

திருப்பலிக்குத் தாமதமானது ஒருபுறம் இருக்கட்டும். இதே தொல்லை, நெஞ்சுவலியால் துடிக்கும் ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வேளையில் நேர்ந்தால் என்னாவது? மணமகன் வரும் நேரத்தில் எண்ணெய் வாங்க ஓடிய கன்னியரின் உவமையை நாம் அறிவோம். அவசரத்தில் ஓடிப்போய் வாங்கும் பாட்டரியும் அத்தகையதே. கையில் கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்கிவரத்தான் நேரிடும். ஆகவே, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைப்பற்றிச் சிறிது அறிந்து வைத்திருப்பது குடும்பத்துக்கு நன்மை பயக்கும்.

குறை பாட்டரியில்தானா?

வண்டி கிளம்பவில்லை என்றவுடனே பாட்டரி போய்விட்டது என முடிவுகட்டுவது பலரின் வழக்கம். ஆனால் முதலில் மூன்று காரியங்களைச் சோதித்தல் வேண்டும்.

ஒன்று, டெர்மினல் இணைப்புகள். அவற்றில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்சாரம் தடைபடும். இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலின் தடவினாலே தொல்லை தீர்ந்துவிடுவது உண்டு. இரண்டு, இரவில் ஏதேனும் விளக்கு அணைக்கப்படாமல் இருந்ததா என்பது. அப்படியானால் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினாலே போதும். மூன்று, வண்டி ஓடும்போது பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர். அது பழுதாகியிருந்தால் புதிய பாட்டரியும் சில நாட்களில் படுத்துவிடும்.

மெக்கானிக்கிடம் உள்ள சிறிய மீட்டரே இவ்வுண்மையைச் சொல்லிவிடும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் ஏறத்தாழ வற்றிவிட்டது எனலாம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் மீட்டர் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிடில் குறை ஆல்டர்னேட்டரிலோ அதன் பெல்ட்டிலோ இருக்கக்கூடும். முழுமையாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு வெகு கீழே இறங்கினால் மட்டுமே, பாட்டரியின் ஆயுள் முடிந்ததென்று கொள்ளலாம்.

ஆயுள் ஏன் குறைகிறது?

பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859-ஆம் ஆண்டில் ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய பாட்டரியை உருவாக்கினார். இன்று நம் கார்களைக் கிளப்பும் பாட்டரி அதன் வழித்தோன்றலே. ஏறத்தாழ 2 வோல்ட் தரும் 6 அறைகள் வரிசையாய் இணைந்து 12 வோல்ட் ஆகின்றன.

இதன் முதற்பகை வெப்பம். வெப்பம் மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் வற்றுகிறது. தகடுகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. இரண்டாம் பகை ஓய்வு. வாரம் முழுதும் நின்றுவிட்டு, ஞாயிறன்று கோவிலுக்கு மட்டும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில், செல்ஃப் அடிக்கச் செலவான மின்சாரம் திரும்ப ஏறுவதற்கே நேரம் போதாது. குறைந்த சார்ஜிலேயே நிற்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகிவிடுகிறது. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் சீராக ஓட்டுதல் நலம். நீர் ஊற்றும் வகையாயின் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுக. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடாது.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, அளவு. காருடன் தந்த கையேட்டில் குறிப்பிட்டிருப்பதே சரியான வழிகாட்டி. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 35 ஆம்பியர்-மணி அளவு போதும். டீசல் எஞ்சினைச் சுழற்றுவதற்கு விசை மிகுதியாக வேண்டியிருப்பதால் அதற்குப் பெரிய பாட்டரி தேவை. குறித்த அளவுக்குக் குறைந்ததை வாங்கலாகாது. ‘பெரியதே நல்லது’ என்று வீண் செலவு செய்யவும் வேண்டியதில்லை. பெட்டியின் நீள அகல உயரமும், டெர்மினல் இருக்கும் பக்கமும் பொருந்த வேண்டும். ‘38 பி 20 எல்’ என்பது போன்ற குறியில் 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். இறுதி எழுத்து டெர்மினல் அமைந்த பக்கம். பழைய பாட்டரியின் குறியை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, வகை. சிக்னலில் நிற்கும்போது தானே அணைந்து தானே கிளம்பும் கார்களுக்கு ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். எனும் சிறப்பு வகைப் பாட்டரிகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கு மாற்றாக மலிவான சாதாரண பாட்டரியைப் பொருத்தினால் அது நெடுநாள் தாங்காது.

மூன்றாவது, தயாரித்த தேதி. பாட்டரி கடையில் சும்மா இருந்தாலும் சார்ஜ் குறைந்துகொண்டே வரும். தேதிக் குறியைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு உட்பட்டதாயின் நன்று.

நான்காவது, வாரண்டி. ‘24 + 24 மாதம்’ என எழுதியிருந்தால், நான்கு ஆண்டுகளும் இலவசமாய் மாற்றித் தருவார்கள் என்று எண்ணிவிடலாகாது. முதல் 24 மாதமே இலவச மாற்று. பிந்திய 24 மாதத்தில் புதிய பாட்டரியின் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். வாரண்டி அட்டையில் தேதியும் வண்டி எண்ணும் எழுதி முத்திரை இட்டுத் தரச் சொல்லுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பழையது எங்கே போகிறது?

இனி, பலரும் எண்ணிப் பாராத ஒன்று. கழற்றிய பழைய பாட்டரியின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது ஈயம். முறையான ஆலையில் அதை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் பாட்டரியை வெட்டவெளியில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குவோரும் இருக்கின்றனர். அந்தப் புகையும் தூசியும் முதலில் சேர்வது அங்கே உழைக்கும் ஏழைகளின் உடலிலும், அருகே விளையாடும் அவர்களுடைய குழந்தைகளின் உடலிலுமே. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கெட்டது திரும்ப வராது. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவருடைய இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேரின் இரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் கலந்துள்ளது என யுனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தன. அதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக, முறைகேடாகப் பாட்டரி உருக்குவதையும் அவ்வறிக்கை சுட்டியது.

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு விதிகளே பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை விற்பனையாளர்மீது சுமத்தின. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளரின் பொறுப்பை மேலும் விரிவாக்கின. ஆகவே, புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு வாங்க வருபவர் நூறு ரூபாய் கூடத் தருவதாகச் சொல்லலாம். அந்த நூறு ரூபாய்க்கு யாரோ ஒரு குழந்தை விலை கொடுக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மண்ணின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறுவேறல்ல எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு ‘லௌதாத்தோ சி’ திருமடலில் உணர்த்தியது இத்தகைய சிறு செயல்களையும் தொடுவதே.

இன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் காரின் முன்மூடியைத் திறந்து பாருங்கள். பாட்டரியின் குறியையும் அதைப் பொருத்திய தேதியையும் வீட்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால் இந்த வாரமே ஒருமுறை சோதித்துவிடுங்கள். நள்ளிரவில் யாரேனும் உதவி கேட்டுக் கதவைத் தட்டினால், உங்கள் வண்டி உடனே கிளம்பும்.