மழைக்காலத்தில் வெடித்த பித்தளை



ஒரு பித்தளைப் பொருள். அதை யாரும் சுத்தியலால் அடிக்கவில்லை, அதன் மேல் பாரமும் ஏற்றவில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்தது. மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால் நெடுக விரிசல்! "என்னப்பா இது, பேய் வேலையா?" என்று கேட்டுவிட்டு நகர முடியுமா? நாம் டிப்ளமோ படிப்பவர்கள் ஆயிற்றே!

இது நம் நாட்டில் நடந்த உண்மை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த ராணுவம் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தது. அங்கே பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடித்தன. பருவத்தோடு வந்த நோய் என்பதால் இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்று பெயர். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-ல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் காரணத்தைத் தெளிவாக விளக்கியது.

கூடு பிறக்கும் விதம்

தோட்டாக் கூட்டுக்கு ஏற்றது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, கிண்ணம் போல் அழுத்தி, பஞ்ச்-டை கொண்டு படிப்படியாக இழுத்து நீட்டுகிறார்கள். நம்ம ஒர்க்ஷாப் பாடத்தில் வரும் டீப் டிராயிங்தான் இது. குளிர்ந்த நிலையில் இழுக்க இழுக்கப் பித்தளை கடினமாகும். அதனால் நடுநடுவே சுமார் 600 டிகிரியில் அனீலிங் செய்து, ஆசிட்டில் கழுவி, மறுபடி இழுக்க வேண்டும்.

முடிந்த கூட்டில் அடிப்பாகம் கடினம், வாய்ப்பாகம் மென்மை. இரண்டும் வேண்டும். சுடும்போது கழுத்து விரிந்து அறையை அடைத்து, வாயு பின்னால் வராமல் காக்கும். பிறகு சற்றுச் சுருங்கி வெளியே வரும். அடிப்பாகமோ முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும்.

குற்றவாளிகள் இருவர்

முதல் குற்றவாளி உள்ளேயே இருக்கிறான். கடைசியாகக் கழுத்தைச் சுருக்கி வடிவம் கொடுத்த வேலை, உலோகத்துக்குள் இழுவிசையை விட்டுச் செல்கிறது. இதுதான் ரெசிடுவல் ஸ்ட்ரெஸ். வெளியே பாரம் இல்லாவிட்டாலும் உள்ளே இழுபறி நடந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது குற்றவாளி லாயத்துக் காற்றில் இருந்த அம்மோனியா. அது குதிரை மூத்திரத்திலிருந்து வந்தது. கெமிஸ்ட்ரி லேபில் செம்பு உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டால் பளீரென்று கருநீலம் வருமே, நினைவிருக்கிறதா? செம்பு அம்மோனியாவோடு சேர்ந்து கரையும் என்பதற்கு அதுவே சாட்சி. மழைக்கால ஈரத்தில் அந்த வேலை பித்தளையின் மேல் நடந்தது. உலோகத் துகள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் அரிப்பு நுழைய, உள் இழுவிசை அதைப் பிளந்துகொண்டே போனது. இருவரில் ஒருவன் இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை.

எளிய மருந்து

ஈரத்தையும் காற்றையும் எப்போதும் தடுக்க முடியாது. உள்ளே இருப்பவனை விரட்டலாம். 250 முதல் 300 டிகிரி வரை ஒரு மணி நேர அளவில் சூடு காட்டினால் தகைவு தளரும், கடினத்தன்மை பெரிதாகக் குறையாது. இது ஸ்ட்ரெஸ் ரிலீவிங். முழு அனீலிங் வேறு, இது வேறு. வைவாவில் குழப்பிக்கொள்ளாதீர்கள்!

வெளிநாடுகளில் நீண்ட தூர ரைஃபிள் போட்டியாளர்கள் சுட்ட கூட்டையே மீண்டும் பயன்படுத்துவதுண்டு. ஒவ்வொரு முறையும் கழுத்து விரிந்து சுருங்குவதால் இறுகிப்போய் வெடிக்கும். எனவே கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குகிறார்கள். சூடு அடிப்பாகத்துக்குப் போனால் அது மென்மையாகி ஆபத்தாகும். நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நமக்குத் தேவை அதிலுள்ள மெட்டலர்ஜி மட்டுமே.

நமக்கு என்ன?

நாளை கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ ஆவடி, திருவள்ளூர் பக்கமோ டிரெய்னியாகச் சேர்வோம். அங்கே பித்தளை வால்வு, நட், ஃபிட்டிங் இல்லாத பிளான்ட் உண்டா? அம்மோனியாவும் நமக்குத் தூரத்துச் சரக்கல்ல. 2023 டிசம்பரில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயில் அது கசிந்து மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அந்தக் கசிவுக்குப் பித்தளை காரணம் என்று சொல்லவில்லை. வாயு நம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அம்மோனியா குளிர்பதனக் குழாய்களில் பித்தளையைத் தவிர்த்து எஃகு போடுவதும் இதனால்தான். உரமூட்டைக்குப் பக்கத்திலும், கழிவறை ஓரத்திலும் பித்தளைச் சாமான்களை அடுக்காதீர்கள். அம்மோனியா கலந்த பாலிஷால் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு நட் வெடித்தால் சட்டென்று வரும் தீர்ப்பு: "புதுப் பையன் ஓவரா டைட் பண்ணிட்டான்!" உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் துண்டைத் தூக்கி எறியாமல் எடுத்துப் பாருங்கள். மரை இழுபட்டிருக்கிறதா? அல்லது எந்த நெளிவும் இல்லாமல், வேர் போலக் கிளை விட்ட விரிசலா? இரண்டாவது என்றால், அது எங்கே கிடந்தது, சூடு காட்டப்பட்டதா என்று கேளுங்கள். காரணம் தெரியாமல் புது நட் போட்டால் அதுவும் வெடிக்கும். பழி மட்டும் அடுத்த டிரெய்னி தலையில் விழும்.

படித்த மெட்டலர்ஜி பரீட்சை பேப்பரோடு போகக் கூடாது தோழர்களே! ஒரு தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றவும் அது உதவும்.