பசுமை விரிக்குமுன் தரையைப் பார்ப்போம்

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் செயற்கைப் புல் எதற்கு என்று கேட்கலாம். மே முதல் டிசம்பர் வரை பொழியும் மழை, அதற்குப் பின் ஓய்ந்துவிடுகிறது. கோடையில் ஸ்ரீ விஜயபுரத்தில் குடிநீரே முறைவைத்து வழங்கப்படும் காலங்கள் உண்டு. அப்பொழுது இயற்கைப் புல்தரைக்கு நீர் வார்ப்பது எளிதன்று. 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் உள்ளரங்கில் விரிக்கப்பட்டுப் புகழ்பெற்ற செயற்கைப் புல், இன்று நம் வீட்டு பால்கனி வரை வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் அலுவலர் குடியிருப்பின் பால்கனி ஒன்றிலும் நாங்கள் இதனை விரித்தோம். விரிப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் காட்டிய அக்கறையைத் தரையின் வாட்டத்தில் காட்டவில்லை. முதல் மழைக்காலத்திலேயே அடியில் நீர் தேங்கிப் பாசி படர்ந்தது. கீழ்வீட்டுக் கூரையிலும் ஈரம் கசிந்தது. விரிப்புக்கு ஆனதைவிடத் தரையைச் செப்பனிட மிகுதியாகச் செலவாயிற்று.

முதலில் தரை

ஒரு வாளி நீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். நீர் தேங்காமல் வடிகுழாயை அடைய வேண்டும். 8 அடிக்கு 1 அங்குலம் என்னும் அளவில் வாட்டம் இருத்தல் நலம். விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய பின்னரே விரிப்பை வாங்குங்கள். மண் முற்றமாயின் மேல்மண்ணை 3 அல்லது 4 அங்குலம் அகற்றி, கல்பொடியும் சிறு ஜல்லியும் பரப்பி இறுக்கி, அதன்மேல் களைத்தடுப்புத் துணி விரிக்க வேண்டும். இவ்வேலைகளுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே ஏற்றது.

தேர்வு

பால்கனிக்கு 20 முதல் 25 மில்லிமீட்டர் இழை உயரம் போதும். முற்றத்திற்கு 35 முதல் 40 வரை கொள்ளலாம். பாலிஎத்திலீன் இழை மென்மையானது. பாலிபுரொப்பிலீன் மலிவானது, ஆயினும் விரைவில் நலியும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் தன்மைக்கு எழுத்து வடிவில் உத்தரவாதம் கேளுங்கள். அடிப்பாகத்தில் நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதிரித் துண்டை நண்பகல் வெயிலில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். செயற்கைப் புல் வெறுங்கால் பொறுக்காத அளவிற்குச் சூடாகக் கூடும்.

பால்கனியில் விரிப்பை முழுவதும் பசையிட்டு ஒட்ட வேண்டா. ஓரங்களில் மட்டும் இருபக்க ஒட்டுநாடா இட்டால், அவ்வப்போது தூக்கி உலர்த்தலாம். முற்றத்தில் இழைகளிடையே தூவக் கழுவிய சிலிக்கா மணலையே பயன்படுத்துங்கள். கடற்கரை மணலில் உப்பு உண்டு. அதனை அள்ளுவதற்குத் தடையும் உண்டு.

கணக்கு

12 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள பால்கனியின் பரப்பு 60 சதுர அடி. விரிப்புச் சுருளோ பெரும்பாலும் ஆறரை அடி அகலத்தில் வருகிறது. எனவே 78 சதுர அடிக்குப் பணம் செலுத்துகிறோம். சென்னையிலிருந்து கப்பலில் வருவதாயின் சரக்குக் கட்டணமும் சேரும். அளவு தவறினால் திருப்பி அனுப்புவதும் கடினம். ஆதலால் இருமுறை அளந்து, விரிப்பு, சரக்கு, கூலி, தரைச் சீரமைப்பு ஆகிய நான்கையும் கூட்டிய தொகையையே செலவு எனக் கொள்ளுங்கள்.

இத்தகைய அலங்காரச் செலவுக்குத் தனிநபர் கடன் தேவையில்லை என்பதே நம் கருத்து. மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் செலுத்தினால், ஓராண்டில் 12,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்.

இறுதியாக ஒன்று. நைந்த இழைகள் மழைநீரோடு கடலைச் சேரும் பிளாஸ்டிக்கே ஆகும். வடிகுழாய் வாயில் நுண்வலை பொருத்துங்கள். விரிப்பு நலிந்தபின் அதனை எரிக்காதீர்கள், கடலோரத்தில் எறியாதீர்கள். கப்பலில் வந்து சேர்ந்த பொருள் எளிதில் தீவை விட்டுப் போவதில்லை. எனவே தேவையான அளவு மட்டும் வாங்குவோம்; எஞ்சிய இடத்தில் நான்கு தொட்டிச் செடிகளை வைப்போம்.