தேய்ந்தது கருவியா, செவியா?

ஒரு பொருள் பழையதாகி அதன் பயன் குன்றியதாகத் தோன்றும்போது, குறை எங்கே இருக்கின்றது என்று ஆராயாமல் பொருளையே பழிப்பது மனித இயல்பு. இவ்வியல்புக்கு நாமும் விலக்கல்லர் என்பதை அண்மையில் ஓர் இயர்போன் எமக்கு உணர்த்தியது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரிலே வாழும் நாம், பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாதச் சம்பளத்தை ஒத்த தொகை கொடுத்து, செவித்துளைக்குள் பொருந்தும் உயர்ரக இயர்போன் ஒன்றை வாங்கினோம். வீட்டார் அதனை ஊதாரித்தனம் என்றனர். ஆயினும், முதல் நாள் இரவு நாகசுரக் கச்சேரியொன்றை அதிலே கேட்டபோது, தவிலின் இரு பக்கங்களும் வெவ்வேறாக ஒலித்ததும், கைத்தாளம் ‘கிண்’ என்று எழுந்து மெல்ல மெல்லக் கரைந்ததும் எம்மைப் பரவசப்படுத்தின. கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று எண்ணினோம்.

கடந்த கச்சான் காலத்தில் அதே கச்சேரியை மீண்டும் கேட்டோம். வலப்புறத்தில் ஒலி மங்கியிருந்தது. தவிலின் கனம் குறைந்திருந்தது. தாளமோ இருந்த இடமே தெரியவில்லை. கருவியின் ஆயுள் முடிந்தது என்று தீர்மானித்து, புதியதன் விலையை விசாரித்தோம். அவ்விலையே எம்மை ஆராய்ச்சியில் இறக்கியது!

இக்கருவியின் பூர்வீகம் எம்மைப் போன்ற துறைமுகவாசிகளுக்குச் சுவையானது. 1910-ஆம் ஆண்டில் நதானியேல் பால்ட்வின் என்னும் அமெரிக்கர், தாம் செய்த செவிக்கருவிகளைத் தம் நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கப்பல்களின் கம்பியில்லாத் தந்தியாளர்கள் மெல்லிய சமிக்ஞைகளையும் தெளிவாகக் கேட்க அவை உதவின. அவற்றின் உள்ளே இருந்த அமைப்பே பிற்காலத்தில் சிறுத்து, செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிகளுக்குள் புகுந்தது. அங்கிருந்து 1991-இல் எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4 இயர்போன் வாயிலாக இசை கேட்போரிடம் வந்தது. 1995-இல் ஜெரி ஹார்வி என்னும் ஒலிப்பொறியாளர், மேடையிலே முழக்கத்தின் நடுவில் வாசித்த அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செவிக்குள் அணியும் கருவியைச் செய்தபின், அது இசைக்கலைஞர்களிடமும் பரவியது.

அவ்வமைப்பு எளியது. இரு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு. அதனைச் சூழ்ந்து கம்பிச்சுருள். சுருளில் மின்னோட்டம் பாயும்போது தகடு அசைகின்றது. அவ்வசைவை நுண்ணிய ஊசியொன்று சவ்வுக்குக் கடத்த, ஒலி பிறக்கின்றது. ஒன்றோடொன்று உராய்ந்து தேயும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. கீழே விழாமலும் நனையாமலும் காத்தால் பல்லாண்டுகள் ஏறக்குறைய மாற்றமின்றி உழைக்கும்.

அங்ஙனமாயின் ஒலி மங்குவது ஏன்? முதற் குற்றவாளி காதுக் குறும்பி. இயர்போனின் வாயிலே குண்டூசித் தலையளவான வலையொன்று உண்டு. குறும்பி அதனை அடைத்தால் முதலில் உயர்ந்த சுருதிகள் மழுங்கும். பின்னர் அப்பக்கமே ஊமையாகும். இரண்டாவது, செவியில் பொருந்தும் சிலிக்கோன் மூடி. வியர்வையாலும் காலத்தாலும் அது தளர்ந்தால் செவித்துளை இறுக மூடப்படாது. சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுருதிகள் கசிந்துவிடும். தவிலின் கனம் குறைந்தது இதனாலேயே. மூன்றாவது வயர். எமது ஊரின் உப்புக் காற்றும் வாடைக்கால ஈரமும் அதன் முனைகளிலே களிம்பை ஏற்றும். கரகரப்பும் இடையிடையே ஒலி அறுதலும் அதன் அடையாளங்கள். கண்ணாடி போன்ற உறைக்குள் செம்புக் கம்பி பச்சை நிறமாவதைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது பெரும்பாலும் பார்வைக்கே குறை, ஒலிக்கு அன்று.

பரிகாரமும் எளிதே. வாய்ப்பக்கம் கீழ்நோக்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் குறும்பியைத் தட்டிவிடவேண்டும். உள்ளே தண்ணீரோ மருந்தோ விடலாகாது. அடைத்த வலையையும் தளர்ந்த மூடியையும் மாற்றலாம். வயரின் முனைகளைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் மூடிய டப்பாவிலே வைக்கலாம். இவையாவும் செய்தோம். வலப்புறம் மீண்டது, தவிலும் பழைய கம்பீரத்தோடு முழங்கிற்று.

ஆனால், தாளம் மட்டும் வரவில்லை.

சலிப்புற்ற நாம், பதினான்கு வயதுள்ள எமது மகளிடம் இயர்போனைக் கொடுத்தோம். செவியில் பொருத்திய மறுகணமே அவள் ஒலியளவைப் பாதியாகக் குறைத்தாள். பின்னர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தாளம் கணீரென்று கேட்குதே அப்பா! உங்களுக்குக் கேட்கேல்லையா?” என்றாள்.

அவ்வினாவுக்கு விடை கூற எம்மால் இயலவில்லை. நாலு தரம் அழைத்தும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மனைவி குறைப்பட்டதும், ஆண்டுக்கு ஒரு படியாக ஒலியளவைக் கூட்டிவந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

வைத்தியசாலையிலே செவிப்புலனைச் சோதித்தோம். 4,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட சுருதிகளில் எமது செவி கணிசமாகத் தாழ்ந்திருந்தது. உட்செவியிலே நத்தை ஓட்டைப் போன்று சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதன் வாயிலருகே உயர்ந்த சுருதிகளும், உச்சியருகே தாழ்ந்த சுருதிகளும் உணரப்படுகின்றன. ஒலியலை அதனுள் இவ்வாறு பயணஞ்செய்வதை ஆராய்ந்த ஜோர்ஜ் வொன் பெகேசி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். அங்கே ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் பிறவியில் செவிக்குச் சுமார் பதினையாயிரமே. அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. முதுமையும் பேரொலியும் முதலில் தாக்குவது வாயிலருகே உள்ளவற்றையே. ஆதலால் தாளத்தின் கிண்கிணி முதலிலும், பேச்சின் ‘ச’, ‘ஸ’ முதலிய மெல்லொலிகள் அடுத்தும் மறைகின்றன. இழப்பு சிறுகச் சிறுக நேர்வதால் இழந்தவனுக்கே அது தெரிவதில்லை.

80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது வளர்ந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை. 90 டெசிபெல்லாயின் அது 4 மணியாகக் குறைகின்றது. சிறுவருக்கு எல்லை 75 டெசிபெல்லே. செவியை நன்கு மூடும் இயர்போனுக்கு ஒரு நன்மை உண்டு: வெளியிரைச்சல் தடுக்கப்படுவதால் குறைந்த அளவிலேயே தெளிவாகக் கேட்கலாம். அந்நன்மையைப் பயன்படுத்தாது, பதினொரு ஆண்டுகள் அதனைக் கூட்டியே கேட்டோம்.

இப்போது அவ்வியர்போன் மகளுடையது. அவள் குறைத்த அளவிலேயே கேட்கவேண்டும் என்பது ஒன்றே எமது நிபந்தனை. சில மாலைகளில் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை நாமுமாக அணிந்து அக்கச்சேரியைக் கேட்கின்றோம். தாளம் விழும் இடங்களில் அவள் எமது கையிலே தட்டிக் காட்டுகின்றாள்.

வாசகர்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் பழைய இயர்போன் மங்கிவிட்டதாகத் தோன்றினால், முதலில் அதனைத் துப்புரவு செய்யுங்கள். பின்னர் வீட்டிலுள்ள பிள்ளையொன்றின் செவியிலே வைத்துக் கேட்கச் செய்யுங்கள். புதியது வாங்கக் கடைக்குச் செல்வதா, வைத்தியரிடம் செல்வதா என்பது அதன் பின்னர் விளங்கும்.