வேடந்தாங்கலுக்குச் செல்லும் விருந்தினர்

இயற்கைக்கு ஊறு செய்யாத பிரயாணம் என்ற பேச்சு சமீப வருஷங்களில் எங்கும் அடிபட்டு வருகிறது. காட்டை ஒட்டியோ கடற்கரையை ஒட்டியோ எழும் விடுதி ஒவ்வொன்றும் தன்னைப் 'பசுமை விடுதி' என்று அழைத்துக் கொள்கிறது. வாசலில் ஒரு மூங்கில் வேலி, கூரையின் மேல் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகடு, சாப்பாட்டு மேஜையில் ஒரு மண் குவளை. இவ்வளவும் இருந்து விட்டால் அப்பெயருக்கு அது உரியதாகி விடுகிறது. குவளையில் ஊற்றிய தண்ணீர் யாருடைய கிணற்றிலிருந்து வந்தது, கழுவிய நீர் எந்த ஓடையில் போய் விழுகிறது என்று விருந்தினரும் கேட்பதில்லை, விடுதிக்காரரும் சொல்வதில்லை.

இப்பிரயாணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தூரத்துத் தீவுகளையே உதாரணம் காட்டுகிறார்கள். யானையும் சிறுத்தையும் நிறைந்த இலங்கை, அந்தமான், தென் அமெரிக்காவுக்கு மேற்கே பஸிபிக் சமுத்திரத்திலுள்ள கலாபகோஸ் முதலியவை அவை. அவற்றைப் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் பார்க்கட்டும். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் வரை நீளும் தொழிற்சாலைப் பிரதேசத்தில் வேலை செய்பவர்களுக்கு, வார விடுமுறையில் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு தீவுக் கூட்டம் இருக்கிறது. நாம் வேடந்தாங்கல் ஏரியைச் சொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் அதிலுள்ள கடம்ப மரங்களும் கருவேல மரங்களும் கழுத்தளவு நீரில் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் ஒரு சிறு தீவாகி விடுகிறது. ஒரே மரத்தில் பல ஜாதிப் பறவைகள் அடுக்கடுக்காகக் கூடு கட்டிக் குடியிருக்கின்றன.

இந்தத் தொழிற்சாலைப் பிரதேசம் எவ்வளவு விரைவில் வளர்ந்தது என்பதை நேயர்கள் அறிவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்க் கார்கள் 1998இல் உற்பத்தியாகத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. இவை தவிர லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, டெலிபோன் என்று ஒன்றன் பின் ஒன்றாக ஆலைகள் வந்தன. கொரிய நாட்டு உத்தியோகஸ்தர்களுக்கென்று கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவு விடுதிகள் தோன்றின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்காகச் சர்க்கார் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய விடுதி, 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. பல ஜில்லாக்களிலிருந்தும் பல ராஜ்யங்களிலிருந்தும் வந்த இளைஞர்களும் யுவதிகளும் லக்ஷக்கணக்கில் கூடியுள்ள இடத்தில், உண்பதற்கும் உறங்குவதற்கும் எப்படியோ ஏற்பாடு ஆகி விட்டது. ஆனால் ஆறு நாள் யந்திரத்தின் முன் நின்றவர் ஏழாம் நாள் எங்கே போய் மூச்சு விடுவது என்பதைப் பற்றி யாரும் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம். எப்படிப் போக வேண்டும், போனால் எங்கே தங்க வேண்டும் என்பதே இங்கு நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம்.

வேடந்தாங்கல் ஏரி பெரிதன்று. அதன் பரப்பு சுமார் எழுபத்தைந்து ஏக்கர். அதை விடப் பன்மடங்கு பெரிய மதுராந்தகம் ஏரி அதற்குச் சமீபத்திலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், கரண்டிவாயனும், வெள்ளை அரிவாள் மூக்கனும், பாம்புத் தாராவும், வக்காவும் இந்தச் சிறிய ஏரியையே நாடி வந்து குஞ்சு பொரிக்கின்றன. நீரில் நிற்கும் மரங்கள் அதற்கு ஒரு காரணம். ஊரார் மற்றொரு காரணம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் எந்த விவசாயக் கலாசாலையிலும் படித்து அறியவில்லை. தங்கள் விளைச்சலைப் பார்த்தே அறிந்தார்கள். வெள்ளைக்கார சோல்ஜர்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஒன்று திரண்டு கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும், செங்கற்பட்டு ஜில்லா கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்குக் கவுல் ஒன்று எழுதிக் கொடுத்தார் என்றும் கூறப்படுகிறது. அந்தக் கவுல் 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சர்க்கார் இவ்விடத்தைப் பறவைச் சரணாலயமாக அங்கீகரித்தது. ஆகவே சட்டம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. தீபாவளியன்றும் அவ்வூரில் வெடிச் சப்தம் கேட்பதில்லை. சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடி ஏரியருகே உள்ள கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே வழக்கம் உண்டு.

பிரயாணிகளிடம் சிலர் இப்பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவதாகச் சொல்வதுண்டு. கேட்பவருக்குப் பிரமிப்பு உண்டாவது மெய்தான். செய்தி மட்டும் மெய்யன்று. வட தேசங்களிலிருந்து குளிர் காலத்தில் வாத்து வகைகள் சில வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பவை நமது நாட்டுப் பறவைகளே. பிரசவத்துக்குத் தாய் வீட்டிற்கு வரும் பெண்ணைப் போல் அவை வருகின்றன என்று கொள்வதே உண்மைக்கு நெருங்கியது.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அங்கே போயிருந்தோம். ஏதோ ஒரு தொழிற்சாலையைச் சேர்ந்த வாலிபர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள், கலகலப்பாக இருந்தார்கள். அவர்களில் ஒருவன் கையில் கொண்டு வந்த பாட்டுப் பெட்டியைக் கரையின் மேல் வைத்துத் திருகினான். கரையோரம் வேர்க்கடலை விற்றுக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து சென்று, "தம்பி, பிள்ளை பெத்த வீட்டுல இப்படிப் பாட்டுப் போடுவாங்களா?" என்றார். பையன் வெட்கத்துடன் பெட்டியை நிறுத்தினான். பிறகு அரை மணி நேரம் அப்பெரியவர் எது எந்தப் பறவை, எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு என்று அவர்களுக்குச் சொல்லிக் கொண்டிருந்தார். அவருடைய கடலையும் விற்றுப் போயிற்று. காவற்காரரும் அறிவிப்புப் பலகையும் செய்ய முடியாத காரியத்தை வீட்டுக்காரர் ஒருவரின் வார்த்தை செய்து விட்டதை நாம் கண்டோம்.

வேடந்தாங்கலுக்கு அருகே தங்கும் வசதி இன்று சொற்பம். காட்டிலாகாவின் ஓய்வு இல்லம் ஒன்று உண்டு. அதில் இடம் கிடைக்காதவர்கள் செங்கற்பட்டுக்கோ மதுராந்தகத்துக்கோ போக வேண்டும். இரவு தங்கி, விடியற்காலையில் பறவைகள் இரை தேடப் புறப்படும் காட்சியைப் பார்க்க விரும்புவோர் பெருகப் பெருக, விடுதி கட்டுவோரும் வருவார்கள். அவர்கள் வரும் முன்பே ஊரார் முடிவு செய்து கொள்ள வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

பிற இடங்களில் நேர்ந்ததைச் சற்றுப் பார்க்கலாம். நீலகிரி ஜில்லாவில் மசினகுடியைச் சுற்றி, யானைகள் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குச் செல்லும் சீகூர் வழித்தடத்திலேயே விடுதிகள் முளைத்தன. யானையைக் காட்டுகிறோம் என்று விருந்தினரை அழைத்து, யானையின் பாதையை முள்வேலியால் அடைத்தார்கள். 2010இல் சர்க்கார் அவ்வழித்தடத்தை அறிவித்தது, வழக்கு நடந்தது, 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த அறிவிப்பை உறுதி செய்தது. பத்து வருஷ வியவகாரத்தில் விடுதிக்காரருக்கும் நஷ்டம், யானைக்கும் நஷ்டம். அவ்விடுதிகளில் கூலிக்கு இருந்த உள்ளூர் ஜனங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கேட்பார் இல்லை. இலங்கையில் யாலா வனத்திலோ, ஒரு சிறுத்தை தென்பட்டு விட்டால் ஜீப்புகள் ஒன்றையொன்று முட்டிக் கொண்டு அதைச் சூழ்ந்து விடுகின்றன. கலாபகோஸில் இதற்கு மாறாக, பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதி பெற்ற வழிகாட்டி இன்றி யாரும் நடமாடக் கூடாது. ஊர்களிலோ கப்பலிலோ தங்கலாமே தவிரப் பறவைகளின் கரையில் கூடாரம் அடிக்க முடியாது. வெளிநாட்டாரிடம் வாங்கும் பிரவேசக் கட்டணத்தை 2024 ஆகஸ்டு முதல் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தி விட்டார்கள். கட்டண விஷயத்தில் அவர்களைப் பின்பற்றச் சொல்ல மாட்டோம். பணக்காரர் மட்டுமே பறவை பார்க்கலாம் என்ற நிலை நமக்கு வேண்டாம். தங்குமிடம் ஊருக்குள் இருக்கட்டும், ஏரிக்கரை பறவைகளுக்கே இருக்கட்டும் என்ற ஏற்பாட்டைத்தான் பின்பற்றச் சொல்கிறோம்.

வேடந்தாங்கலில் புதிய கட்டடமே தேவையில்லை என்பது நமது அபிப்பிராயம். ஊரில் வீடுகள் இருக்கின்றன. திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, நல்ல கழிவறை ஒன்று கட்டிக் கொண்டால், இரண்டு மூன்று விருந்தினர் தங்கலாம். கழிவறைக்கு வேண்டிய கடனைச் சர்க்கார் குறைந்த வட்டியில் கொடுக்கட்டும். அந்த வீட்டுச் சோற்றையே விருந்தினர் உண்ணட்டும். இட்டிலியும் மீன் குழம்பும் வேண்டாமென்று சொல்லும் கொரியர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. ஓர் இரவில் ஊரில் எத்தனை பேர் தங்கலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்து நிர்ணயிக்க வேண்டும். கிணறு எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்கே தெரியும். ஏரியை நோக்கிய விளக்குகள் இரவில் அணைந்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் இரைச்சல் கூடாது. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அத்தடை காகிதத்தில் மட்டும் இருப்பதை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கரையோரம் நடந்தால் காணலாம்.

ஊரில் தங்கும் ஏற்பாட்டை மட்டும் சரி செய்து விட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழையாகும். வேடந்தாங்கல் பறவை வேடந்தாங்கலில் உறங்குகிறது, உண்பது வேறிடத்தில். நாரை நாள்தோறும் பல கிலோமீட்டர் பறந்து சுற்று வட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும் நத்தையும் மீனும் பொறுக்கி வந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. அதனாற்றான் 1998இல் சரணாலயத்தின் எல்லையை ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை விரித்தார்கள். அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கலாம் என்று 2020இல் ஒரு யோசனை எழுந்ததையும், அதற்குத் தமிழ்நாடெங்கும் உண்டான எதிர்ப்பையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர் நிலைகளாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இடம் பெற்ற ஏரியைச் சுற்றி, பட்டியலில் இல்லாத நூறு ஏரிகள் வற்றினால் பறவைக்கு என்ன பயன்?

இந்த இடத்தில்தான் ஒரகடத்தின் பொறுப்பு தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் ஆகிய ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஏரி உண்டு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகுநீர் கடைசியில் செம்பரம்பாக்கம் சென்று சேரும். அதைத்தான் சென்னை நகரம் குடிக்கிறது. மழைக்குப் பின் இந்த ஏரிகளிலும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் இரை தேடுவதைத் தொழிற்சாலைப் பஸ்ஸின் ஜன்னலிலிருந்தே காணலாம். வரத்துக் கால்வாயை மண் போட்டு மூடி அதன் மேல் மதில் எழுப்பினால், ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் ரஸ்தாவுக்குப் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இப்பிரதேசத்து மோட்டார்த் தொழிற்சாலைகள் சில நாள் வேலையை நிறுத்த நேர்ந்ததே, அந்தக் கணக்கை முதலாளிகள் தாங்களே எழுதி வைத்திருப்பார்கள். பறவைக்காக இல்லாவிட்டாலும் தங்கள் யந்திரங்களுக்காகவாவது கால்வாய்களைத் திறந்து விடலாம்.

தொழிற்சாலை நிர்வாகங்கள் கம்பெனிச் செலவில் மரக்கன்று நட்டுப் படம் பிடித்துக் கொள்வதை அடிக்கடி காண்கிறோம். அதைக் குறை கூறுவதற்கில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தங்கள் மதிலுக்கு வெளியே உள்ள ஏரியின் மதகைப் பழுது பார்க்கவும், கழிவு நீர் அதில் கலக்கவில்லை என்பதை ஊர்ப் பஞ்சாயத்து மாதந்தோறும் வந்து பரீக்ஷித்துப் பார்க்கவும் செலவிட்டால், அது விருந்துக்குப் போகும் வீட்டிற்குப் பழம் வாங்கிச் செல்வது போன்றதாகும்.

இன்னொரு சிறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் கூட்டம் முழுவதும் வேடந்தாங்கலில் குவிகிறது. ஷிப்டு முறையில் வார விடுமுறை மாறி மாறி வரும் ஆலைகள் ஒரகடத்தில் பல உண்டு. மார்கழி முதல் மாசி வரை அந்த ஆலைகள் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஆளுக்கொரு பஸ் விட்டால், செங்கற்பட்டு, படாளம் வழியாகத் தொழிலாளர் அமைதியாகப் போய் வரலாம். கடலை விற்கும் பெரியவருக்கும் வாரத்தில் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள் வியாபாரம் நடக்கும். வல்லம் வடகால் விடுதியில் வசிக்கும் பெண்களுக்கு முதல் பஸ்ஸை விட வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் ஏரியும் வயலும் உள்ள ஊர்களிலிருந்து வந்தவர்கள். நாரையை அவர்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியிராது. ஒரு பஸ்ஸில் நாற்பது பேர். வேடந்தாங்கல் பஞ்சாயத்தாரை முதலில் கேட்டு, அவர்கள் சரி என்று சொல்லும் நாளில் புறப்படலாம்.